டவுன் பஸ்ஸில் போன ஓடை

காலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்தக் கட்டைப்பையை மிதித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஏழு கோடி வருஷம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. உங்கள் செருப்பைப் பொறுக்குமா, தெரியவில்லை.

இந்த இன்னொரு பையை மடியில் வைத்துக்கொள்ள முடியுமா? கனம்தான். ஆனால் உடையாது. அதில் என்ன என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எங்கே... பாருங்கள், கேட்க வந்துவிட்டேன். புறப்பட்டு வந்தவர்களைப் பார்த்து எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் கெடும். தூரமா என்று கேட்கலாம். 'தூரமா?' 'ஆமாம், கொஞ்சம் தூரம்.' அதோடு விட்டுவிட வேண்டும். என் அம்மா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது. கண்டக்டருக்கு மட்டும்தான் அந்தச் சொல்லுக்கு உரிமை. அவரிடம்கூடக் கடைசி ஸ்டாப் என்றேன், கவனித்தீர்களா? நான் இறங்கப்போவது அதற்கு இரண்டு ஸ்டாப் முன்னால்.

இதைப் பொய் என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன்.

என் பெயர் குணவதி. அரியலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம். 'லைன்ல இருங்க' என்று ஒரு குரல் வருமே, அது நான்தான். ஊரில் எத்தனையோ பேருக்கு என் குரல் தெரியும், ஒருவருக்கும் பெயர் தெரியாது. அதற்கு முன்னால் திருச்சியில் விலங்கியல் படித்தேன். பி.எஸ்ஸி. படித்து முடித்த மாதமே கல்யாணம். படித்ததெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது.

என் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில். இரண்டாவது தடவை வந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். மகன் பெயர், அவன் உத்தியோகம், மருமகள் பெயர், அவள் உத்தியோகம், சம்பந்தி பெயர்கூட இருந்தது. எனக்கு 'மனைவி' என்று மட்டும் போட்டிருந்தார்கள். இடம் போதவில்லையாம். அந்தப் போஸ்டர் எங்கள் தெரு மின்கம்பத்தில் ஐந்து மாதம் ஒட்டியிருந்தது. மழை அவர் முகத்தைக் கரைத்தது. 'மனைவி'யை மட்டும் கடைசிவரை கரைக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றாவது தடவை வரப்போகிறது. அல்லது வராமல் போகப்போகிறது. அது வியாழக்கிழமை தெரிந்துவிடும். இன்றைக்குச் செவ்வாய்.

அவர் படத்தைப் பெரிதாக்கித் தந்தாரே, போட்டோ ஸ்டூடியோ சந்தானகோபால், அவர்தான் என்னை இதில் இழுத்துவிட்டவர். "ஞாயித்துக்கிழமை வீட்ல சும்மா உக்காந்திருப்பீங்களாம்மா? எங்களோட கல்லு பொறுக்க வாங்களேன்" என்றார். துக்க வீட்டில் சொல்கிற வார்த்தையா இது? ஆனால் போனேன். அரியலூர் வட்டத் தொல்லுயிர் ஆர்வலர் குழு. மொத்தம் ஒன்பது பேர், ஒரு பேனர், ஒன்பது குடை. அரியலூர் முன்னொரு காலத்தில் கடல், தெரியுமில்லையா? சிமெண்டுக்குத் தோண்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்பெல்லாம் கடலடியில் கிடந்ததுதான். அந்தக் கடலில் இருந்தவை எல்லாம் கல்லாகி ஓடைகளில் கிடக்கின்றன. மற்றவர்கள் சங்குக்கும் சிப்பிக்கும் அலைந்தார்கள். நான் கண்டுபிடித்தது கடல் முள்ளெலி.

எலி இல்லை அம்மா, பயப்படாதீர்கள். கடலடியில் உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக ஊர்கிற ஒரு பிராணி. செத்தால் முள் உதிர்ந்து ஓடு மட்டும் மிஞ்சும். அந்த ஓட்டின் முதுகில் ஐந்து இதழில் ஒரு பூ இருக்கும். யாரும் செதுக்கவில்லை, உயிரோடு இருந்தபோதே அப்படி. எங்கள் குழுவில் பூக்கல் என்போம். முதல் பூக்கல்லைக் கையில் எடுத்தபோது நாற்பது வருஷத்துக்கு முந்தைய பரீட்சைத் தாள் கண்ணில் வந்தது. முட்தோலிகள், படம் வரைந்து பாகங்களைக் குறி, பத்து மதிப்பெண். நான் ஒன்பது வாங்கினேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாருக்கும் இடத்தைச் சொல்ல மாட்டோம். நல்ல கல் ஒன்று கண்ணில் பட்டால் கூச்சல் போடக் கூடாது. மெதுவாக அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, காலில் முள் குத்திவிட்ட மாதிரி பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் கடந்து போன பிறகு எடுத்து மடியில் கட்டிக்கொள்வது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருத்தி பார்த்துவிட்டு, "ஏங்க, செருப்புப் போட்டுக்கிட்டு வந்தா என்ன?" என்றாள். நாங்கள் எல்லோரும் செருப்புப் போட்டுத்தான் இருந்தோம்.

இந்தக் குழுவில்தான் அமிர்தகடேசனும் இருக்கிறார். ரிட்டையர்டு வி.ஏ.ஓ. கல்லைப் பார்த்தால் குனிய மாட்டார், முதலில் நாலு பக்கமும் முளைக்குச்சி அடிப்பார். குச்சியின் தலையில் சிவப்புப் பெயிண்ட். அளக்காத நிலத்தில் நிற்கவே அவருக்குக் கால் கூசும்.

எங்களுக்கு ரெஜினா என்று ஒரு டாக்டர் அம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர். தூத்துக்குடிப் பெண். சென்னையில் இருந்துகொண்டு இந்த முள்ளெலிகளைப் பற்றித்தான் பன்னிரண்டு வருஷமாக ஆராய்கிறார். "நான் ஒருத்தி எத்தனை ஓடை நடக்க முடியும்? நீங்க ஒன்பது பேரும் எனக்குக் கண்ணு மாதிரி" என்று சொல்லி ஆளுக்கு ஒரு கத்தை படிவம் கொடுத்தார். கல்லோடு படிவத்தையும் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். நாங்கள் அனுப்பும் கல் ஆராய்ச்சிக் கட்டுரையில் வந்தால் கடைசியில் நன்றி என்று போட்டு எங்கள் பெயர் வரும்.

அமிர்தகடேசன் முதல் கல் அனுப்பிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளங்கை அளவு பூக்கல். வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அவர் வீட்டம்மா, மனுஷன் அழுக்குக் கல்லைப் பூஜையறையில் வைத்திருக்கிறாரே என்று, பித்தளைக் குடத்தோடு சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். சுண்ணாம்புக் கல்லுக்குப் புளி ஆகுமா? பூ போய்விட்டது. வழுக்கைத் தலை மாதிரி ஆகிவிட்டது. இவர் அதைக் கவனிக்காமல், 'இதழ்களற்ற புதிய இனம்' என்று எழுதி அனுப்பினார். ரெஜினா போனில், "சார், இது புது இனம் இல்ல. புளி போட்டுத் துலக்குன பழைய இனம்" என்றார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது. அந்த வகையில் அமிர்தகடேசனுக்கு நான் கடமைப்பட்டவள்தான். அந்த வகையில் மட்டும்.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். அதில் முதல் கட்டம் என்ன தெரியுமா? 'எங்கே?' அந்த ஒரே சொல்தான்.

பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் போன அன்று காலையில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். அத்தனை வருஷம் கேட்காத ஒரு சொல் அன்றைக்கு வாயில் வந்துவிட்டது. "எங்கே?" என்றேன். அவர் திரும்பி உள்ளே வந்து, பேசாமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, மறுபடி புறப்பட்டார். கேட்டுவிட்டால் அப்படித்தான் செய்ய வேண்டும். முறைப்படி எல்லாம் செய்தார். பஸ் ஸ்டாண்டு தாண்டவில்லை.

அதனால் அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதக் கை வரவில்லை. கல் கிடைத்தது நரிப்பள்ளத்தில். எட்டு கிலோமீட்டர் தள்ளி ஆலத்தி ஓடை என்று ஒன்று இருக்கிறது. அங்கே கற்றாழையைத் தவிர ஒன்றும் கிடையாது. ஆலத்தி என்று எழுதிவிட்டேன். தூரமா என்று கேட்டிருந்தால் தூரம் என்று எழுதியிருப்பேன். அவர்கள் கேட்ட கேள்வி தப்பு.

இரண்டு மாதம் கழித்து ரெஜினா போன் செய்தார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அம்மா, இந்தப் பூக்கல்லு ஆலத்தி ஓடையிலதான் கிடைச்சதா?"

"எழுதியிருக்கேனேம்மா."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"முப்பது வருஷம் ஊர் நம்பரையெல்லாம் ஞாபகம் வச்சிருந்தவ நான்."

கவனியுங்கள், இதில் ஒரு பொய்யும் இல்லை.

ரெஜினா விளக்கினார். பூமி அடுக்கு அடுக்காக இருக்கிறதாம். ஆலத்தி ஓடையின் அடுக்கு நரிப்பள்ளத்தின் அடுக்குக்கு முப்பது லட்சம் வருஷம் பிந்தியது. இந்த முள்ளெலி இனம் அதற்குள் பூண்டோடு அழிந்துவிட்டது என்றுதான் இதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். "அழியல அம்மா. உங்க கல்லு சொல்லுது. இன்னும் முப்பது லட்சம் வருஷம் உயிரோட இருந்திருக்கு" என்றார்.

போனை வைத்துவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதருக்கு ஒரு வாரம் கூட்டிக் கொடுக்க முடியாத கை. ஒரு கட்டத்தில் நாலு எழுத்து எழுதி, முன்பின் தெரியாத ஒரு பிராணிக்கு முப்பது லட்சம் வருஷம் கொடுத்துவிட்டது. அதைத் திரும்ப வாங்க எனக்கு மனசு வரவில்லை அம்மா. நீங்கள் என்றால் வாங்குவீர்களா?

கட்டுரை தயாராகிவிட்டது. கடைசிப் பக்கத்தை எனக்கு அனுப்பினார். நன்றி: திருமதி த. குணவதி, அரியலூர். சந்தானகோபால் ஸ்டூடியோவில் அச்சுப் போட்டு லேமினேஷன் செய்து வைத்திருக்கிறேன். என் பெயரை நானே எத்தனை தடவைதான் படிப்பது? இருந்தாலும் படிக்கிறேன்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. கட்டுரை வெளிவருவதற்கு முன்னால் ரெஜினாவும் ஒரு வெள்ளைக்காரரும் ஆலத்தி ஓடைக்கே வருகிறார்களாம். மண்ணுக்குள் கல் இருக்கும் நிலையிலேயே படம் எடுக்க வேண்டுமாம். வருகிற வியாழக்கிழமை.

அங்கே கற்றாழைதான் இருக்கிறது என்றேனே.

என்ன செய்வது? என்னிடம் எட்டு வருஷச் சேகரிப்பு இருக்கிறது. மூன்று வாரமாக இந்த டவுன் பஸ்ஸில் கட்டைப்பையும் களைக்கொத்துமாகப் போய், பூக்கல்லையெல்லாம் ஆலத்தியில் நட்டு வருகிறேன். சும்மா வீசிவிட்டு வருவதில்லை. முள்ளெலி வாயைக் கீழே வைத்துத்தான் வாழும். அதனால் வாய் கீழே, பூ மேலே, ஒவ்வொன்றையும் அது இருந்த மாதிரியே வைக்கிறேன். முதல் நாள் ஒரு தப்பு செய்துவிட்டேன். நட்டு முடித்து எழுந்து பார்த்தால் ஏழு புள்ளிக் கோலம். ஊடு புள்ளிகூடப் பிசகவில்லை. கை அதுவாக வைத்துவிட்டது. ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் மார்கழி மாதம் ஏது? எல்லாவற்றையும் தோண்டி மறுபடி கண்டபடி வைத்தேன். கண்டபடி வைப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

நாற்பத்தொன்று நட்டேன். போன வாரம் போய்ப் பார்த்தால் பன்னிரண்டுதான் இருக்கின்றன. சுற்றிலும் முளைக்குச்சி. தலையில் சிவப்புப் பெயிண்ட்.

ரெஜினா எங்கள் வாட்ஸாப் குழுவில், ஆலத்தியில் குணவதி அம்மாவுக்குக் கிடைத்த அபூர்வம் என்று போட்டிருந்தாரே, அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார் மனிதர். நான் நட்டதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதோடு விட்டாரா? அதைத் தான் கண்டுபிடித்ததாக ரெஜினாவுக்கு அனுப்பியிருக்கிறார். படிவத்தில் ஆலத்தி என்று எழுதினால் மற்றவர்கள் வந்துவிடுவார்களே, அதனால் வேறு இடம் எழுதியிருக்கிறார். ஒன்றுமே கிடைக்காத பாழ் இடம் என்று அவர் எப்போதும் சொல்லும் இடம். எது தெரியுமா? நரிப்பள்ளம்.

பொய் இடம் எழுதுகிற மனிதர் அம்மா. இந்தப் பெண் பன்னிரண்டு வருஷமாக உயிரைக் கொடுத்து ஆராய்கிறது. அதனிடம் போய்ப் பொய் இடம் எழுத மனசு எப்படி வரும்? எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ரெஜினா மறுபடி கூப்பிட்டார். "அம்மா, ஒரே மாதிரி கல்லுக்கு சார் நரிப்பள்ளம்னு எழுதியிருக்கார், நீங்க ஆலத்தின்னு எழுதியிருக்கீங்க. வியாழக்கிழமை ரெண்டு இடத்தையும் பாத்துடலாம். கல்லுல ஒட்டியிருக்கிற மண்ணும் இடத்து மண்ணும் பொருந்தணும். பொருந்தலன்னா இந்தக் கட்டுரையே இல்லம்மா" என்றார். கட்டுரை இல்லை என்றால் நன்றியும் இல்லை.

மண் பொருந்த வேண்டும். அவ்வளவுதானே?

உங்கள் மடியில் இருப்பது அதுதான். நரிப்பள்ளத்து மண். நேற்றுப் போய் அள்ளிக்கொண்டு வந்து, கோலமாவுச் சல்லடையில் சலித்தது. இதோடு நாலு பை ஆகிறது. வியாழக்கிழமைக்குள் இன்னும் நாலு பை கொண்டுபோனால் ஒரு பாய் அளவுக்கு ஆலத்தியில் நரிப்பள்ளம் வந்துவிடும். சிரிக்காதீர்கள். ஒரு ஓடையை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிற வயதா எனக்கு? அறுபத்தொன்பது முடிந்துவிட்டது. முழங்கால் வேறு.

ரயில்வே கேட் வந்துவிட்டதா? இந்த ஸ்டாப்பில் எப்போதும் கூட்டம் ஏறும். பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் பார்க்காதீர்கள். முன்படியில் வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, கையில் ஜவுளிக்கடைப் பை. அவர்தான். அமிர்தகடேசன். நம் பக்கம்தான் வருகிறார். உங்கள் முந்தானையைக் கொஞ்சம் அந்தப் பைமேல் போட்டுக்கொள்ளுங்கள்.

"வாங்க சார். தூரமா?"

"நானும் கொஞ்சம் தூரந்தான் சார். இவங்களா? தெரிஞ்சவங்கதான்."

முன் சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பையைக் காலடியில் வைக்கிறார், பார்த்தீர்களா, பச்சைப் பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி. அதில் என்ன இருக்கும் என்கிறீர்கள்? எனக்குத் தெரியும். நரிப்பள்ளம் என்று எழுதிக் கொடுத்தாரல்லவா? வியாழக்கிழமை அங்கேயும் கல் இருக்க வேண்டுமே. கொண்டுபோய் நடப் போகிறார். என் கல்லை. எவ்வளவு துணிச்சல் பாருங்கள், பட்டப்பகலில், எல்லோரும் போகிற பஸ்ஸில்.

பிடித்துக்கொள்ளுங்கள், வேகத்தடை. இந்த டிரைவர் எப்போதும் இப்படித்தான்.

உங்கள் காலடியில் ஏதோ உருண்டு வந்ததே. என் பையிலிருந்தா? இல்லை, என் பை கட்டியிருக்கிறது. அவர் பையிலிருந்துதான். கொஞ்சம் குனிந்து எடுங்கள் அம்மா, எனக்கு முழங்கால் மடங்காது. மெதுவாக. பூ மேலே இருக்கட்டும்.

நாலாவது இதழைப் பாருங்கள். ஒரு நகக்கீறல் மாதிரி இருக்கிறதா?

இருக்கிறது, இல்லையா?

நான் எடுத்த முதல் கல் அம்மா இது. என் வீட்டுக்காரர் போன மூன்றாவது மாதம். நரிப்பள்ளத்தில், ஓடை வலப்பக்கம் திரும்புகிற இடத்தில், ஒரு காரைச் செடிக்கு அடியில். அன்றைக்கு நான் உட்கார்ந்து முள் எடுப்பது மாதிரி நடிக்கக்கூட இல்லை. எனக்கு வழக்கம் தெரியாது. கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றேன். எல்லோரும் காலில் முள் குத்திவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள். போன மாதம் ஆலத்தியில் இதைத்தான் முதலில் நட்டேன். மனசில்லாமல் நட்டேன்.

இப்போது இது நரிப்பள்ளம் போகிறது. ஒன்றும் தெரியாத ஒரு திருடர் இதை அதன் வீட்டிலேயே கொண்டுபோய் விடப் போகிறார். பொய்க்கென்று போகிறவர்.

கொடுத்துவிடுங்கள். ஆமாம், அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

"சார், உங்க கல்லு உருண்டு வந்துடுச்சு."

"மீன் தொட்டிக்கா? சரி சரி. கடல் மீனா சார்?"

கேட்டீர்களா, மீன் தொட்டிக்காம். காது சிவந்துவிட்டது பாருங்கள்.

இவர் காரைச் செடிப் பக்கம் நட மாட்டார். நட்ட நடு ஓடையில் முளைக்குச்சி அடித்து, பத்தடிக்கு ஒன்றாக நேர்கோட்டில் நடுவார். வாய் மேலே, பூ கீழே வைத்தாலும் வைப்பார். இவருக்கு வாய் எது பூ எது என்று தெரியுமா? புளி போட்டவர் வீடு. மண்ணும் அங்கே குழி விழுந்து கிடக்கும், நாலு பை நான் அள்ளியிருக்கிறேனே. ரெஜினா பார்த்தால் என்ன நினைக்கும்?

அடுத்தது என்ன ஸ்டாப்? கைகாட்டியா?

"கண்டக்டர், கைகாட்டியில ஒருத்தர் இறங்கணும். இல்ல தம்பி, கடைசி ஸ்டாப் இல்ல. நரிப்பள்ளம் கைகாட்டி."

சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா. அவர் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

அந்தப் பையைக் கொடுங்கள் அம்மா. மண் அங்கே இருந்த மண்தானே, அங்கேயே போகட்டும். கட்டைப்பையையும் கொடுங்கள். இறங்கி முதலில் அவருக்கு வாய் எது என்று காட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு ரெஜினாவைக் கூப்பிட வேண்டும். படிவத்தில் முதல் கட்டத்தை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளம்மா என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்கும். 'லைன்ல இரும்மா' என்று சொல்லிவிட்டு யோசிக்கிறேன்.

முப்பது லட்சம் வருஷம் போகிறது. கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறேன். அது எப்படியும் செத்துப்போனதுதான், நான் எழுதியா உயிர் வரப்போகிறது? தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் இரண்டு மாதம் உயிரோடு இருந்தது அல்லவா? லேமினேஷன் பண்ணிய தாள் வீட்டில் இருக்கும். அதில் பெயர் அழியாது, தண்ணீர் பட்டாலும் போகாது என்று சந்தானகோபால் சொல்லியிருக்கிறார்.

ஸ்டாப் வந்துவிட்டது. அவரும் எழுந்துவிட்டார். "குடையைப் பாத்து எடுங்க சார், என் கண்ணுல குத்தப் பாக்குறீங்க."

வருகிறேன் அம்மா. மடி கனத்திருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். புடவையில் ஒட்டியிருப்பது கடல் மண், தட்டினால் போய்விடும். இந்தக் கதையை வீட்டில் யாரிடமாவது சொன்னால் என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். குணவதி. த. குணவதி, அரியலூர்.

இடத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.